புருவத்துக்கும் உதட்டுக்கும் செமி பெர்மனென்ட் மேக்கப்: தேதி குறிப்பதிலிருந்து பக்கு உதிர்வது வரை

புருவம் போட்டுவிட்டுப் போனால் பதினோராம் நாள் எனக்கு போன் வரும். பெரும்பாலும் காலை ஆறு மணிக்கு முன்னால், வாசலில் கோலமாவு டப்பாவோடு நான் குனிந்திருக்கும் நேரத்தில். "அக்கா, புருவம் காணாமப் போச்சுக்கா. காசெல்லாம் தண்ணியில போட்ட மாதிரிதானா?" போன மாதம் மன்னார்குடியிலிருந்து ஒரு கல்யாணப் பெண். அதற்கு முந்தின மாதம் பாபநாசத்து டீச்சர். வார்த்தைகூடப் பெரிதாக மாறுவதில்லை. என் பதிலும் மாறுவதில்லை: "கண்ணாடியத் திருப்பி வைம்மா. இருபத்தெட்டாம் நாள் பேசிக்கலாம்."

கும்பகோணத்தில் 14 வருடமாக பார்லர் வைத்திருக்கிறேன். சென்னையில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து ஐந்து வருடமாகப் புருவம் போடுகிறேன். உதடு போடுவதில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஆனால் என் உதட்டுக்குத் திருச்சியில் ஒருவரிடம் போட்டுக்கொண்டேன். ஊசியைப் பிடித்தும் பார்த்திருக்கிறேன், ஊசிக்குக் கீழே படுத்தும் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

இது என்ன வேலை

நம் பாட்டிமார் முழங்கையில் பச்சை குத்திக்கொண்டார்களே, வேலை அதேதான். ஆழமும் மையும்தான் வேறு. தோலின் மேலடுக்கு சுமார் ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாக வந்துவிடும். அதில் மட்டும் நிறமி நின்றால் ஒரே மாதத்தில் போய்விடும். ரொம்பக் கீழே இறங்கினால் மை பரவி, சாம்பலும் நீலமுமாக வருடக்கணக்கில் நிற்கும். இரண்டுக்கும் நடுவே, உள்தோலின் மேல் விளிம்பில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நிறமியை வைக்க வேண்டும். கைத்தொழில் முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கிறது.

புருவத்தில் முக்கியமாக இரண்டு முறை. மைக்ரோபிளேடிங்கில், மெல்லிய ஊசிகள் வரிசையாகப் பதித்த பேனா போன்ற ஒரு கருவியால் முடி முடியாகக் கீறி நிறம் ஏற்றுவார்கள். பவுடர் புரோவில் சின்ன மெஷினால் புள்ளி புள்ளியாக நிரப்புவார்கள். பென்சில் போட்டு விரலால் தேய்த்துவிட்ட மாதிரி தெரியும். ஒன்று கோடு, இன்னொன்று புள்ளி. இரண்டையும் கலந்து, முன்பக்கம் முடிக்கோடும் வால்பக்கம் புள்ளியுமாகப் போடுவதைக் காம்பினேஷன் என்கிறார்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்த்துவிட்டு வருகிற எல்லாரும் கேட்பது மைக்ரோபிளேடிங்தான். நான் பெரும்பாலும் பவுடருக்குத்தான் திருப்பிவிடுகிறேன். எண்ணெய் வழியும் தோலில் கோடுகள் கூர்மையாக நிற்காது. ஆறு மாதத்தில் ஒன்றோடொன்று கரைந்து, ஈரத் தரையில் இழுத்த கோலம் மாதிரி ஆகிவிடும். புள்ளி அப்படியல்ல, கொஞ்சம் பரவினாலும் உருவம் கெடாது. காலையில் முகம் கழுவி, பத்து மணிக்கு மூக்கின் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். பேப்பர் கண்ணாடி மாதிரி ஆனால் உங்களுக்குப் பவுடர்தான். வறண்ட தோல், சின்னத் துளைகள் என்றால் மைக்ரோபிளேடிங் அழகாக நிற்கும்.

எத்தனை நாள் இருக்கும்? மைக்ரோபிளேடிங் ஒன்று, ஒன்றரை வருடம். பவுடர் இரண்டு வருடம் வரை, சிலருக்கு மூன்று. உதடும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரே நாளில் மறையாது, வெளுத்துக்கொண்டே போகும். சிலருக்கு லேசான சாயல் முழுதாகப் போவதே இல்லை. "செமி" என்ற சொல்லை நம்பி "பிடிக்கலன்னா போயிடும்ல" என்று உட்காராதீர்கள்.

முதல் படி: முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

என் அத்தை பேத்தியின் கதையைச் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு ஒன்பது நாள் முன்னால் வேறொரு ஊரில் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். என்னிடம் சொன்னால் தடுப்பேன் என்று சொல்லவில்லை. நலங்கு அன்று அவள் புருவம் முழுக்கப் பக்கு. பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து கன்னத்திலும் நெற்றியிலும் மஞ்சள் பூசினார்கள். நான்காவது பாட்டி ஆசையோடு முகம் முழுக்க வழித்துவிட, இடது புருவத்தின் நடுவில் ஒரு மிளகு அளவு பக்கு மஞ்சளோடு உரிந்து வந்தது. கீழே இளஞ்சிவப்புத் தோல். அங்கே நிறமே இல்லை. தாலி கட்டும் படத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் நிரப்பியது நான்தான். வீடியோவில் வியர்வையோடு அது கரைந்து இறங்குவது இன்னமும் தெரிகிறது.

கணக்கு இதுதான். முதல் உட்காரலுக்குப் பிறகு 6 முதல் 8 வாரம் கழித்து டச்-அப், அதாவது விட்டுப்போன இடங்களை நிரப்பி நிறத்தைச் சரிசெய்யும் அடுத்த உட்காரல். டச்-அப் ஆறி நிறம் நிற்க இன்னும் 4 வாரம். புருவத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கருத்த உதட்டுக்கு இரண்டு மூன்று உட்காரல் ஆகும், ஆறு மாதம் வேண்டும்.

நம் ஊர்ப் பருவத்தையும் இதோடு பொருத்த வேண்டும். எனக்குப் பிடித்த மாதம் மார்கழி. வியர்வை கிடையாது, கல்யாணம் கிடையாது, போடுகிறவருக்கும் அவசரம் கிடையாது. சித்திரை, வைகாசிக் கல்யாணப் பெண்கள் மார்கழியில் போட்டுக்கொண்டு மாசியில் டச்-அப் முடித்தால் கச்சிதம். ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்றால் ஆனி பிறந்ததும் வாருங்கள், ஆடிப் பாதியில் டச்-அப். அப்படி வந்தவர்கள் ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரைக்குப் போகலாம், கருகமணி காதோலை விடலாம், தலையில் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம், முங்கக் கூடாது. ஐப்பசியில் மாயவரம் துலாக் கட்டத்துக்குக் காவிரி நீராடப் போகிறவர்களுக்கும் இதேதான். அக்னி நட்சத்திரத்தில் நான் புக்கிங் எடுப்பதில்லை. கரண்ட் போய் ஃபேன் நின்ற அரை மணி நேரத்தில் ஆறாத புருவம் என்ன பாடுபடும் என்பதைப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று டெல்டாக்காரர்களுக்கே உரியது, நெல் சுணை. குறுவை அறுப்பு, சம்பா அறுப்பு நேரத்தில் களத்துப் பக்கம் வீடு என்றால் காற்றிலேயே சுணை இருக்கும். நல்ல தோலிலேயே அரிக்கிற பொருள் அது. கிளியனூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி தை மாதம் போட்டுவிட்டுப் போய், வாசலில் அறுவடை மெஷின் ஓட ஓட ஒரு வாரம் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். வீட்டில் அறுப்பு என்றால் தேதியைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாம் படி: உடம்பைப் பற்றி மறைக்காதீர்கள்

கர்ப்பமாக இருப்பவர்கள், தாய்ப்பால் கொடுப்பவர்கள் காத்திருங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் புண் ஆறாது. முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வரவும் கூடாது, இதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. இதயத்துக்கான மாத்திரையைப் புருவத்துக்காக நிறுத்திவிட்டு வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்கள், நிறுத்தி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஒரு வருடம் என்றால் இன்னும் நல்லது. கீமோ சிகிச்சையில் இருப்பவர்கள் உங்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

காது, மூக்கு குத்திய இடத்தில் உருண்டையாகத் தழும்பு வளர்ந்திருக்கிறதா? அது கெலாய்டு. நம் நிறத் தோலுக்கு அது வரும் வாய்ப்பு கூடுதல். வெண்புள்ளி இருப்பவர்களுக்கு, கீறிய இடத்திலேயே புதிதாக வெண்புள்ளி கிளம்பக்கூடும். சொரியாசிஸும் அப்படித்தான். இவர்களெல்லாம் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

உதடு போடப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி: காய்ச்சல் வந்தால் உதட்டோரத்தில் கொத்தாகக் கொப்புளம் வருமா? வருடத்துக்கு ஒரு தடவை வந்தாலும் சொல்லுங்கள். அது ஹெர்பிஸ் வைரஸ். நரம்பில் ஒளிந்திருக்கும், ஊசி பட்டால் எழுந்துவிடும். டாக்டர் முன்கூட்டியே வைரஸ் தடுப்பு மாத்திரை எழுதிக்கொடுப்பார். இதைக் கேட்காமலே உதட்டில் ஊசி வைக்க வருகிற பார்லரிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்க்காதீர்கள். மூன்று நாள் வகுப்புக்கும் ஃபிரேம் போட்டுத் தருகிறார்கள். ஆறிய படங்களைக் கேளுங்கள். போட்ட அன்றைய படம் எல்லாரிடமும் அழகாகத்தான் இருக்கும். இரண்டு மாதம் கழித்து எடுத்த படமும், ஒரு வருடம் கழித்து எடுத்த படமும் வேண்டும். அதுவும் நம் நிறத்துக்காரர்களின் படம். வெள்ளைத் தோலில் போட்ட புருவத்தைக் காட்டினால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஊசி சீல் வைத்த பொட்டலத்தில், காலாவதித் தேதியோடு இருக்க வேண்டும். உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும், வேலை முடிந்ததும் உங்கள் கண் முன்னாலேயே கூர்முனைகளுக்கான டப்பாவில் போட வேண்டும். நிறமியைச் சின்ன மோதிரக் கிண்ணத்தில் ஊற்றுவார்கள். மிச்சத்தைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றுகிறார்களா என்று பாருங்கள். அப்படி ஊற்றினால் அங்கே ஊசி மாற்றியும் பலனில்லை. மஞ்சள் காமாலை பி, சி, எச்ஐவி எல்லாம் ரத்தம் வழியாகப் பரவுபவை. கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் இருக்கிற விஷயம் இல்லை இது.

விலை ஊருக்கு ஊர் மாறும். நான் டச்-அப்போடு சேர்த்து 12,000 ரூபாய் வாங்குகிறேன். டச்-அப் சேர்ந்ததா இல்லையா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். "ஆடி ஆஃபர் 2,999" என்று போட்டிருந்தால், எதைக் குறைத்து அந்த விலை வந்தது என்று யோசியுங்கள். குறைக்கக்கூடியது ஊசியும் நிறமியும்தான்.

நான்காம் படி: முந்தின வாரம்

பேட்ச் டெஸ்ட் அவசியம். காதுக்குப் பின்னால் துளி நிறமியும் மரத்துப்போகும் கிரீமும் வைத்து, குறைந்தது 48 மணி நேரம் பார்க்க வேண்டும். ஹேர் டை போட்டு முகம் வீங்கிய அனுபவம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ரெட்டினால் கிரீம், ஆசிட் சீரம், ஃபேஷியல் எல்லாம் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்துங்கள். த்ரெடிங் செய்யாமல் வாருங்கள். உங்கள் முடி எப்படி வளர்கிறது என்பது எனக்குத் தெரிய வேண்டும். போடுகிற அன்று காலை காபி வேண்டாம். டிகிரி காபி ஊரில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டம்தான், ஆனால் ரத்தக்கசிவும் படபடப்பும் கூடினால் நிறமி கழுவிக்கொண்டு போய்விடும். சஷ்டி, வெள்ளிக்கிழமை என்று வெறும் வயிற்றோடும் வராதீர்கள். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பட்டினியில் வந்து என் கட்டிலிலேயே மயங்கியவர்கள் இரண்டு பேர்.

ஐந்தாம் படி: அந்த மூன்று மணி நேரம்

பாதி நேரம் ஊசியே கிடையாது, அளவெடுப்புதான். வெள்ளை மை தடவிய நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து நெற்றியில் அழுத்தி எடுத்தால் கோடு விழும். மரம் அறுக்கிற இடத்தில் ஆசாரி நூல் அடிப்பாரே, அதே முறை. மூக்குத்தண்டின் நடு, மூக்கு மடலின் விளிம்பு, கருவிழியின் ஓரம், கண் முடியும் இடம். இவற்றிலிருந்துதான் புருவம் தொடங்கும் இடமும் வளையும் இடமும் வாலும் கிடைக்கும்.

வரைந்ததை உட்கார்ந்து பாருங்கள். படுத்திருக்கும்போது நெற்றித் தோல் பின்னால் சரியும், எழுந்தால் உருவம் மாறிவிடும். பேசுங்கள், சிரியுங்கள், ஆச்சரியப்படுங்கள். நம்மில் பலருக்கு ஒரு புருவம் மட்டும் கூடுதலாக ஏறும். போனில் படம் எடுத்துப் பாருங்கள். திருப்தி இல்லையென்றால் பத்துத் தடவை அழிக்கச் சொல்லலாம், இதற்குப் பிறகு அழிக்க முடியாது. துணைக்கு ஒரே ஒருவரை அழைத்து வாருங்கள். அம்மா, அத்தை, நாத்தனார் மூன்று பேரும் வந்த அன்று ஒரு புருவம் வில்லாகவும் ஒரு புருவம் அரிவாளாகவும் ஆகவிருந்தது.

பிறகு லிடோகெயின் கலந்த கிரீம் தடவி, பிளாஸ்டிக் தாள் மூடி அரை மணி நேரம். மரத்துப்போன பிறகும் தொடுவது தெரியும். மைக்ரோபிளேடிங்கில் வலியைவிடச் சத்தம்தான் பயமுறுத்தும். காய்ந்த தேங்காய் மட்டையை நகத்தால் கீறுகிற மாதிரி சரக், சரக் என்று நெற்றி எலும்புக்குள் கேட்கும். மெஷின் என்றால் கொசு காதருகே நிற்கிற மாதிரி. முதல் சுற்று முடிந்து, திறந்த தோலில் வைக்கும் இரண்டாவது மரப்பு நன்றாகப் பிடிக்கும். ரத்தம் பொட்டுப் பொட்டாகக் கசியலாம், வழியக் கூடாது. வழிந்தால் கை ஆழமாகப் போகிறது என்று அர்த்தம். நிறுத்தச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: 28 நாள்

முதல் மூன்று நாள் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையின் புருவம்தான் உங்களுக்கும். நீங்கள் ஒத்துக்கொண்ட நிறத்தைவிட ஒன்றரை மடங்கு கறுப்பாகத் தெரியும். அதைப் பார்த்து அழுதவர்கள் உண்டு. மேலடுக்கில் நிற்கும் மை அது, உதிர்ந்துவிடும். முதல் நாள் மணிக்கொரு தடவை, ஆறிய கொதிநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றி நிணநீரை எடுங்கள். அதை விட்டுவிட்டால் கெட்டியாகக் காய்ந்து நிறமியையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு புருவம் போட்டுவிட்டவர் கொடுத்த களிம்பு, இரண்டு புருவத்துக்கும் சேர்த்து ஒரு அரிசி அளவு. கொழகொழவென்று பூசுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தப்பு.

நான்கிலிருந்து எட்டாம் நாள் வரை பக்கு, அரிப்பு. சொறியக் கூடாது, உரிக்கக் கூடாது. ரொம்ப அரித்தால் புருவத்துக்கு மேலே நெற்றியில் விரலால் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்பதிலிருந்து பதினான்கு வரைதான் அந்த போன் வரும் நாட்கள். பக்கு உதிர்ந்து, புதிதாக மூடிய தோல் கெட்டியாக, பால் நிறமாக இருக்கும். மை அதன் கீழேதான் இருக்கிறது. மார்கழிக் காலையில் பஸ் கண்ணாடிக்கு வெளியே ஊர் தெரியாமல் போவது போலத்தான். தோல் தெளியத் தெளிய மூன்றாம் வாரத்தில் நிறம் மேலே வரும். நான்காம் வாரம் தெரிவதுதான் உங்கள் உண்மையான நிறம். மன்னார்குடிப் பெண் இருபத்தாறாம் நாள் படம் அனுப்பினாள், கூடவே சிரிக்கிற பொம்மை எட்டு.

இந்த நாட்களில் கூடாதவை, வீட்டில் நடக்கிற வரிசையில் சொல்கிறேன். மஞ்சள் பூசிக் குளிப்பது கூடாது. கிருமிநாசினி என்று வாதாடுகிற பெரியவர்களிடம், அதுவும் ஒரு சாயம்தான் என்று சொல்லுங்கள். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய் கூடாது. தலைக்குக் குளித்தால் தண்ணீர் பின்பக்கமாக வழியட்டும். இட்லிக் குண்டானைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். குங்குமப் பொட்டு வைக்கலாம், நெற்றி நிறைய விபூதி வேண்டாம். அது புருவத்தில்தான் உதிரும். ஸ்கூட்டியில் போகிறவர்கள் கவனிக்க: ஹெல்மெட்டின் உள்மெத்தை சரியாகப் புருவத்தில்தான் உரசும். ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை, பத்து நாள் பஸ்ஸில் போங்கள். வெயில், நீச்சல், ஜிம் இரண்டு வாரம் கிடையாது. ஆறிய பிறகு சன்ஸ்கிரீன் போடப் பழகுங்கள். நிறத்தை மற்ற எதையும்விட வெயில்தான் அதிகம் தின்கிறது.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி கூடினால், சூடும் சிவப்பும் பரவினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மாதங்கள் கழித்து நிறம் போட்ட இடத்தில் தடிப்போ முடிச்சோ வந்தாலும் தோல் மருத்துவர்தான்.

உதடு தனி வேலை

நான் உதடு செய்யாததற்குக் காரணம் பயம்தான். நல்ல பயம். புருவத்தில் பழுப்பின் மேல் பழுப்பு வைக்கிறோம். நம் ஊர் உதட்டில் ஏற்கெனவே ஒரு நிறம் இருக்கிறது: ஓரத்தில் கத்தரிப்பூ, நடுவில் காபி. அதன் மேல் ரோஸ் வைத்தால் ரோஸ் வராது, சாம்பல்தான் வரும். முதலில் ஆரஞ்சு சாயலில் ஒரு சமன் நிறம் வைத்து அந்த நீலக் கருமையை அடக்க வேண்டும், ஆறிய பிறகு அடுத்த உட்காரலில்தான் ஆசைப்பட்ட நிறம். அந்தக் கண் எனக்கு இன்னும் வரவில்லை.

போவதற்கு முன் உங்கள் உதடு ஏன் கருத்தது என்று பாருங்கள். பிறவி நிறம் என்றால் அது நோயே இல்லை. உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டே இருக்கும் பழக்கம், லிப்ஸ்டிக் ஒவ்வாமை, புகை, வெயில் இவற்றால் வந்த கருமையில் காரணத்தை நிறுத்தாமல் மேலே நிறம் போட்டால் பாதிக் காசு வீண். புதிதாக ஒரு கரும்புள்ளி தோன்றியிருந்தால் அதை டாக்டர் பார்க்காமல் யாரும் நிறத்தால் மூடக் கூடாது.

எனக்கு நடந்தது இது. முதல் நாள் வேலை முடிந்து கண்ணாடி பார்த்தபோது ஜோடி வெற்றிலையை ஒன்றாகப் போட்ட வாய். இரவுக்குள் வீங்கி, மறுநாள் காலை மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். இரண்டாம் நாள் மாலை வீக்கம் வடிந்தது. மூன்றிலிருந்து ஐந்துக்குள் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. ஏழாம் நாள் போடுவதற்கு முன்னால் இருந்ததைவிட வெளிறிப்போய், காசு போயிற்று என்று நானே நினைத்தேன். ஊருக்கெல்லாம் சொல்கிற ஆள்தான், சொந்த உதடு என்றதும் மறந்துபோனது. ஐந்தாம் வாரத்தில் நிறம் நின்றது. இரண்டு உட்காரலுக்குப் பிறகு செங்கல்லில் கொஞ்சம் ரோஸ் கலந்த மாதிரி ஒரு நிறம், இப்போது லிப்ஸ்டிக் இல்லாமல் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறேன். கொரியப் பெண்களின் பிங்க் உதடு நம் கருத்த உதட்டில் வராது. வரும் என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

வலி புருவத்தைவிட அதிகம். உதட்டுத் தோல் மெல்லியது, மரப்பும் சீக்கிரம் இறங்கிவிடும்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. தம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகிய ஊர் நம்முடையது. அந்தப் பழக்கம் இந்தப் பத்து நாளில் சோறு போடும். ஸ்ட்ராவை உறிஞ்சினால் ஆறும் உதடு சுருங்கிச் சுருங்கி வெடிக்கலாம். காபியை ஆற்றி, வெதுவெதுப்பாக ஊற்றிக்கொள்ளுங்கள். தயிர் சாதம், இடியாப்பம், குழைந்த பொங்கல் போன்றவற்றைச் சின்ன ஸ்பூனால் உள்ளே வையுங்கள். வத்தக்குழம்பு, ஊறுகாய், எலுமிச்சை, பச்சை மிளகாய் ஒரு வாரம் வேண்டாம். வெற்றிலை போடும் பழக்கம் உள்ளவர்கள் கும்பகோணத்து வெற்றிலையே ஆனாலும் இரண்டு வாரம் விடுங்கள், சுண்ணாம்பு புண்ணைப் பொசுக்கிவிடும். பற்பசை நுரை உதட்டில் படாமல் துலக்குங்கள். முத்தம் கூடாது, குழந்தையின் கன்னத்திலும்கூட. களிம்பு வறளாமல் இருக்க வேண்டும். புருவத்துக்கு மெல்லிசாக, உதட்டுக்கு ஈரம் குறையாமல்.

டச்-அப்பும் அதற்குப் பிறகும்

ஆறாவது வாரத்துக்கு முன்னால் டச்-அப் செய்யச் சொன்னாலும் செய்துகொள்ளாதீர்கள். ஆறாத தோலில் மறுபடி கீறினால் தழும்புதான். டச்-அப்பில் விட்டுப்போன இடங்களை நிரப்புவோம், நிறத்தை ஒரு நூல் கூட்டுவோம் குறைப்போம். முதல் தடவையே கறுப்பாகப் போட்டுவிடுகிறவரைவிட, கொஞ்சம் வெளிறலாக வைத்து டச்-அப்பில் ஏற்றுகிறவர் நல்லவர். கூட்டுவது சுலபம், குறைப்பது கஷ்டம்.

ஒரு வருடம் கழித்துப் புருவம் செம்பட்டையாக, ஆரஞ்சாகத் தெரியலாம். நிறமியில் இரும்பு ஆக்சைடு கலவை இருக்கும். அதில் மற்ற நிறங்கள் முதலில் வெளுத்து, சிவப்புக் கடைசியில் நிற்கும். கார்பன் கறுப்பு கூடுதலான நிறமி என்றால் சாம்பல், நீலம் பக்கம் போகும். இரண்டையும் திருத்த நிறம் வைத்துச் சரிசெய்யலாம்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் லேசர் இருக்கிறது, உப்புக்கரைசல் முறை இருக்கிறது. இரண்டுமே ஒரே தடவையில் முடியாது. லேசரைத் தோல் மருத்துவரிடம் மட்டும் செய்யுங்கள். டைட்டானியம் டையாக்சைடு, இரும்பு ஆக்சைடு உள்ள நிறங்கள் லேசர் பட்டதும் சட்டென்று கறுத்துப்போவது உண்டு. உதட்டு நிறங்களில் இது அதிகம். முதலில் ஒரு புள்ளியில் சோதித்துப் பார்க்காமல் முழுக்க அடிக்க விடாதீர்கள்.

எம்ஆர்ஐ எடுக்கப் போனால் புருவம் போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அரிதாக அந்த இடம் சூடேறும், லேசாக வீங்கும். தெரிந்திருந்தால் அவர்கள் கவனித்துக்கொள்வார்கள். ரத்த தானம் கொடுப்பவர்கள் ஒரு வருடம் தள்ளிப்போட வேண்டும், பச்சை குத்தியவர்களுக்கான அதே விதி.

ஒன்றரை, இரண்டு வருடத்தில் நிறம் பாதியாகும்போது ரெஃப்ரெஷ் செய்துகொள்ளலாம். அப்போது நானே உங்களுக்குப் போடுவேன் என்று என்ன நிச்சயம்? நீங்கள் கல்யாணமாகி ஓசூரில் இருப்பீர்கள். புது ஆளுக்கு, உள்ளே என்ன நிறமி இருக்கிறது என்று தெரியாமல் மேலே எதை வைப்பது? அதனால் போடுகிற அன்றே அந்த நிறமிப் பாட்டிலின் லேபிளை, பெயரும் எண்ணும் தெரிகிற மாதிரி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போன் மாறினால் அம்மாவுக்கும் ஒரு காப்பி அனுப்பி வையுங்கள்.